கோள்களின் கதி கண்ட கெப்பிளர்

உண்மையை நாடுவோர்க்கு வறுமையும் நோயும் தடையாகா. இதற்குச் சான்றாக விளங்கிய ஜேர்மனிய வானியலறிஞர் யொகான்னசு கெப்பிளரின் வாழ்வை நாம் இங்கு நினைவுகூர்வோம்.

1571ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி வைல் டெர் ஸ்டட் என்னும் சிறு நகரில் அவர் பிறந்தார். இளமையிற் கண்ட அம்மைநோய் அவரது பார்வையை மங்கச் செய்தது. ஆயினும் 1577இல் தாயார் காட்டிய வால்வெள்ளி அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

கிறாஸ் நகரில் ஆசிரியராயிருந்த கெப்பிளர், தம் சமயத்தைக் கைவிட மறுத்தமையால் 1600இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிராக் நகரிலிருந்த தைக்கோ பிராகே அவரைத் துணைவராக ஏற்றார். மறு ஆண்டே தைக்கோ காலமானார். அவர் பல்லாண்டு குறித்து வைத்த அவதானிப்புகள் கெப்பிளர் கைக்கு வந்தன.

செவ்வாயின் பாதையை வட்டமெனக் கொண்டு கெப்பிளர் கணித்தார். கணக்கிற்கும் அவதானிப்பிற்கும் 8 கலை வேறுபாடு இருந்தது. அது முழுநிலவின் அகலத்திற் காற்பங்களவே. பிறர் அதைப் பொருட்படுத்தார். தைக்கோ அவ்வளவு பிழைவிடார் என்றறிந்த கெப்பிளரோ தம் நெடுநாளுழைப்பையே கைவிட்டு மீண்டும் தொடங்கினார். பாதை நீள்வளையம் என்றும், சூரியனை நெருங்குகையிற் கோள் விரைகின்றது என்றும் 1609இல் வெளியிட்டார்.

செவ்வாய் சூரியனுக்கு அண்மையிற் செக்கனுக்கு 26.5 கிலோமீற்றரும், சேய்மையில் ஏறக்குறைய 22 கிலோமீற்றரும் செல்கின்றது. இயக்கப்பண்புச் சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுவதால், அண்மையில் அது சேய்மையிலுள்ளதன் 1.45 மடங்காகின்றது. அச்சக்தி புதிதாகத் தோன்றுவதன்று. கோள் சூரியனை நெருங்க அழுத்தச் சக்தி குறைகின்றது, குறைந்ததே இயக்கமாகின்றது, இரண்டின் கூட்டுத்தொகை மாறாதிருக்கின்றது. இவ்விளக்கம் நியூற்றனின் ஈர்ப்பு விதிக்குப் பின்னரே கிட்டியது. கெப்பிளர் காரணம் அறியாமலே நிகழ்ச்சியைச் சரியாகக் கண்டார்.

அவரது தாயார் சூனியக்காரி எனப் பழிசுமத்தப்பட்டு 1620இற் சிறைப்பட்டார். கெப்பிளர் நேரிற் சென்று வாதாடி 1621இல் அவரை மீட்டார். இத்துயர்களுக்கிடையே, 1618இல், தமது மூன்றாம் விதியையுங் கண்டார்.

1630ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி ரேகன்ஸ்பேர்க் நகரில் அவர் காலமானார். பின்னர் போரில் அவரது சமாதியும் அழிந்தது. அவர் கண்ட விதிகள் அழியவில்லை. இளைஞராகிய நாம் எக்கருமத்திலும் சிறு பிழையைச் சிறிதென்று ஒதுக்காதிருப்போமாக.