பட்டியலை எழுதுபவர் யார்? கிறிஸ்டன் நிகார்ட் என்ற நோர்வேக்காரரின் கதை

2002ஆம் ஆண்டு மட்டக்களப்பில் நோர்வேக்காரர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியில் திரிந்த சிறுவர்களான எங்களுக்கு அந்த வாகனத்தில் இருந்த எல்லோரும் நோர்வேக்காரர்கள். சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆட்களும் அதற்குள் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்த விடயம். அதே ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி ஒஸ்லோவில் கிறிஸ்டன் நிகார்ட் மாரடைப்பால் இறந்தார். எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனால் இன்று இந்த ஊரில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவருடைய கண்டுபிடிப்பைச் சட்டைப்பையில் கொண்டுதான் திரிகிறோம்.

அவரைப் பற்றி நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் அக்காவின் மகள். ஏஎல் எழுதிவிட்டு ஒரு கணினி டிப்ளோமா படிக்கிறாள். பாடம் பைத்தன், நோட்ஸ் முழுக்க ஆங்கிலம். கிளாஸ், ஒப்ஜெக்ட், கொன்ஸ்ட்ரக்டர் வரை ஒருமாதிரி விளங்கிவிட்டதாம். கிளாஸ் மெதட் என்பது மட்டும் பிடிபடவில்லை என்று என்னிடம் வந்தாள். நான் படித்தது ஊடகக் கற்கை. இருந்தாலும் மாமா என்று நம்பி வந்தவளைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. வாசித்துக்கொண்டு போனபோது, இந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், அவருடைய வாழ்க்கை நமக்கு மிகவும் தெரிந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போயிருக்கிறது என்று கண்டேன்.

நிகார்ட் பிறந்தது 1926இல், ஒஸ்லோவில். கணிதம் படித்தவர். 1948இல் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கட்டாய இராணுவச் சேவைக்காகப் போனவர், 12 வருடம் அங்கேயே இருந்துவிட்டார். நோர்வேயின் முதலாவது அணு உலைக்கான கணக்குகளைக் கையால் போட்ட குழுவில் அவரும் ஒருவர். பிறகு அவர் இறங்கிய துறை, ஒரு பெரிய வேலை எப்படி நடக்கிறது, எங்கே வரிசை நீள்கிறது, எங்கே ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்று ஆராயும் துறை. இராணுவத் தேவைக்காக வளர்ந்த துறைதான் அது. யுத்தத்தைக் கண்ட நமக்கு இதில் ஒரு நெருடல் இருக்கும், எனக்கும் இருந்தது. அதை மறைத்து அவரை ஒரு மகானாக எழுத நான் விரும்பவில்லை.

1960இல் அங்கிருந்து விலகி நோர்வே கணிப்பு மையத்தில் சேர்ந்தார். துறைமுகத்தில் கப்பல்கள், தொழிற்சாலையில் பொருட்கள், கருமபீடத்தில் ஆட்கள் என்று எல்லாமே வரிசைதான். இந்த வரிசைகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கு அன்றைய கணினி மொழிகள் தோதாக இருக்கவில்லை. அவை எண்களுக்கான மொழிகள். தனக்கென்று சில விபரங்களை வைத்துக்கொண்டு, தன் பாட்டில் நடந்துகொள்ளும் ஒன்றை எழுதுவதற்கு அவற்றில் வழி இல்லை. நிகார்ட்டிடம் யோசனை இருந்தது. அதை ஓடவைக்கும் கைவண்ணம் ஒலே யோஹான் டால் என்பவரிடம் இருந்தது. ஒருவர் ஓயாமல் பேசுபவர், மற்றவர் அமைதியானவர் என்று அவர்களை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். யுனிவாக் நிறுவனத்திடமிருந்து பெரிய விலைக்கழிவில் ஒரு கணினி ஒஸ்லோவுக்கு வந்தது. இவர்களுடைய மொழியைச் செய்துகொடுப்பதும் அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. அப்படிப் பிறந்ததுதான் சிமுலா.

அடுத்த படிதான் முக்கியமானது. ஒரு பாலத்தில் சுங்கக் கட்டணம் அறவிடும் சாவடி. அதன் முன்னால் வரிசை. வரிசையில் லொறியும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. இரண்டும் வேறுவேறு, ஆனால் வரிசையில் நிற்பதைப் பொறுத்தவரை இரண்டும் வாகனம்தான். இந்தப் பொதுவையும் வேறுபாட்டையும் ஒன்றாக எழுதுவது எப்படி என்று இருவரும் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். இதை வாசித்தபோது என் மனதுக்குள் வந்தது ஒஸ்லோ அல்ல, கல்லடிப் பாலம். இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடியும் பஸ்ஸில் ஏறிய ஒரு தலைமுறைக்கு, சாவடி வரிசையில் நிற்பது என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

விடை 1966ஆம் ஆண்டின் இறுதியில் கிடைத்தது. 1967இல் சிமுலா 67 வெளிவந்தபோது அதில் கிளாஸ் என்ற சொல் இருந்தது. பிரித்தானியக் கணினி அறிஞர் டோனி ஹோரின் ஒரு கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. தமிழில் இதை வகுப்பு என்கிறோம். படிக்கும் வகுப்பும் அதுதான், ஆட்களைப் பிரித்து வைக்கும் வகுப்புவாதத்தில் உள்ளதும் அதுதான். மொழிபெயர்ப்புப் பிழை என்று சிலர் சொல்லலாம். எனக்கென்றால் சரியான சொல்லாகவே படுகிறது.

வகுப்பு என்பது ஒரு வெற்றுப் படிவம். அந்தப் படிவத்தைக் கொண்டு உருவாகும் ஒவ்வொன்றும் ஒப்ஜெக்ட். ஆள் என்பது வகுப்பு; அக்காவின் மகள் ஓர் ஒப்ஜெக்ட், நான் இன்னொன்று. படிவத்திலிருந்து ஒரு ஆளை உருவாக்கும் தருணத்தில் நடக்கும் வேலைதான் கொன்ஸ்ட்ரக்டர். பைத்தனில் இனிட் என்ற பெயரில் வருவது. உருவாகும்போதே பெயர், பிறந்த திகதி, பால் என்று எவை கட்டாயம் வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. கேட்டதில் ஒன்று குறைந்தாலும் ஆள் உருவாகமாட்டார். நிகார்ட்டும் டாலும் செய்த சிமுலாவில் இது தனியாக இருக்கவில்லை. வகுப்பின் உடலில் எழுதிய வரிகளே ஒப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும். அதாவது பிறப்பும் அதன்பின் உள்ள நடமாட்டமும் ஒரே எழுத்தில். சிமுலாவைப் படித்து வளர்ந்த டென்மார்க்காரர் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், பின்னாளில் சி++ ஆன தன் மொழியில் இதைத் தனி வேலையாகப் பிரித்தெடுத்தார்.

இனி அவளுக்கு விளங்காத கிளாஸ் மெதட். சாதாரண மெதட் ஓர் ஆளிடம் கேட்பது: உன் வயது என்ன? அதற்கு ஆள் இருக்கவேண்டும். கிளாஸ் மெதட் வகுப்பிடமே கேட்பது. இது சிமுலாவில் இருக்கவில்லை. சிமுலாவிலிருந்து கற்ற அமெரிக்கர் அலன் கேயும் அவருடைய சகாக்களும் செய்த ஸ்மோல்டோக் மொழியில், வகுப்பும் கேள்வி கேட்கக்கூடிய ஒன்றாக மாறியபோது வந்தது. இந்தப் பதிவேட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்பதற்கு எந்தத் தனி ஆளிடமும் போகமுடியாது, வகுப்பிடம்தான் போகவேண்டும்.

ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. அதை அடையாள அட்டையை வைத்துத்தான் அவளுக்குச் சொன்னேன். நம்முடைய பழைய அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும். முதல் 2 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். புதிய எண்ணில் 12 இலக்கம், வருடம் 4 இலக்கமாகவே இருக்கும். இப்போது நம் கொன்ஸ்ட்ரக்டர் பிறந்த திகதியையும் பாலையும் கேட்கிறது. வந்தவர் கையில் இருப்பதோ பழைய எண் மட்டும். அதைப் பிரித்து, திகதியைக் கண்டுபிடித்து, கொன்ஸ்ட்ரக்டரிடம் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த வேலையை ஒப்ஜெக்ட் செய்யமுடியாது, ஏனென்றால் அது இன்னும் உருவாகவில்லை. வகுப்புதான் செய்யவேண்டும். பழைய எண்ணிலிருந்து வருவதற்கு ஒரு வாசல், புதிய எண்ணிலிருந்து வருவதற்கு இன்னொரு வாசல். கிளாஸ்மெதட் என்ற குறியின் கீழ் எழுதப்படுவது இப்படியான பக்கவாசல்கள். சாதாரண மெதட்டில் செல்ஃப் என்று ஆள் வருமிடத்தில், இதில் சிஎல்எஸ் என்று வகுப்பு வருவதன் காரணமும் அதுதான்.

அவளுக்கு விளங்கிவிட்டது, போய்விட்டாள். எனக்குத்தான் அது போகவில்லை.

இடம்பெயர்ந்து திரும்பிய எத்தனை குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழ் எரிந்து, அலுவலகப் பதிவேடும் இல்லாமல் நின்றன. உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒன்று இருந்தபடியால்தான் பலர் அடையாள அட்டை எடுக்க முடிந்தது. அதுவும் ஒரு பக்கவாசல். அந்த வாசலைத் திறந்து வைப்பதா இல்லையா என்பது வரிசையில் நின்றவரின் கையில் இருக்கவில்லை. படிவத்தை எழுதியவரின் கையில் இருந்தது. பிரதேச செயலகத்தில் ஒரு கட்டம் நிரப்ப முடியாமல் திரும்பி வந்தவர்களுக்கு இது தத்துவம் அல்ல.

நிகார்ட்டும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அறுபதுகளின் கடைசியில், சிமுலாவை வைத்துத் தொழிற்சாலை வேலைகள் ஒழுங்குபடுத்தப்படுவதை அவர் பார்த்தார். வேலையாட்களும் ஒப்ஜெக்ட்டுகளாக அந்தப் படிவத்துக்குள் இருந்தார்கள். படிவத்தை எழுதியவர்கள் முகாமையாளர்களும் நிபுணர்களும். தன்னுடைய கருவி, தான் பக்கம் நிற்கும் மனிதர்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று அவர் உணர்ந்தார். மற்ற விஞ்ஞானிகள் இந்த இடத்தில் ஒரு கவலைக் கட்டுரை எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவர் நேரே தொழிற்சங்கத்திடம் போனார்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு ஆய்வு. ஆரம்பத் திட்டம் வழக்கமான திட்டம்தான்: நிபுணர்கள் போய், பார்த்து, அறிக்கை எழுதிக் கொடுப்பது. பாதி வழியில் அதைக் கிழித்துப் போட்டார்கள். அறிக்கை தேவையில்லை, தொழிலாளர்கள் தங்கள் இடத்தில் எடுக்கும் நடவடிக்கைதான் ஆய்வின் பெறுபேறு என்று மாற்றினார்கள். தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே பாடநூல் எழுதினார்கள். வேலைத்தளத்துக்குக் கணினி வரும்போது அது என்ன செய்யும், எந்த விபரத்தைச் சேர்க்கும் என்பதை அவர்களே பேசி முடிவெடுக்கப் பழகினார்கள். 1975இல் தொழிற்சங்கச் சம்மேளனமும் முதலாளிமார் அமைப்பும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. கணினி முறைமை ஒன்றைக் கொண்டுவருவதற்கு முன் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு அதைப் பற்றித் தெரிவிக்கவேண்டும், அதுவும் நிபுணர் அல்லாதவருக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்கவேண்டும் என்று அதில் வந்தது. தமிழ் முகவரிக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வரும் நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது ஒரு பெருமூச்சு வரத்தான் செய்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு நம் இடத்துக்கு எத்தனை படிவங்கள் வந்தன! அரச படிவம், உதவி நிறுவனப் படிவம், இடம்பெயர்ந்தோர், மீளக்குடியேறியோர், பெண் தலைமைக் குடும்பம், பயனாளி. ஒரு தாய் ஒரே கதையைப் பத்து மேசைகளில் சொன்னார்; ஒவ்வொரு மேசையும் அவருக்கு ஒரு வகுப்பு கொடுத்தது. அந்தத் தலைப்புகளில் ஒன்றையாவது அவரிடம் கேட்டு எழுதினார்களா? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. பதிவேட்டுக்கு உயிருடன் இருப்பவர், இறந்தவர் என்ற இரண்டு நிலைகளே தெரியும். 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம் மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். ஆள் இல்லை என்று கையெழுத்து வைக்க அவர்களால் முடியவில்லை. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று வந்தது. மூன்றாவது நிலை ஒன்று படிவத்துக்குள் வருவதற்கு அத்தனை வருடம். அவர்கள் கேட்டது சான்றிதழ் அல்ல, பிள்ளையை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அதைக் கணினி உவமைக்குள் அடக்க நான் முயலவில்லை.

நிகார்ட்டின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆர்ஹூஸிலும் ஒஸ்லோவிலும் பேராசிரியர். சமூகம் ஒதுக்கிய மதுப்பழக்கக்காரர்களுக்கான ஒரு பரீட்சார்த்த இல்லத்தை நடத்த உதவினார். அரசியலில் லிபரல் கட்சி, பின்பு தொழிற்கட்சி. 1990 முதல் 1995 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே சேரக்கூடாது என்ற இயக்கத்தின் தலைவர். 1994 நவம்பர் வாக்கெடுப்பில் 52 வீதத்துக்குச் சற்று அதிகமானோர் வேண்டாம் என்றார்கள். அந்த நிலைப்பாடு சரியா பிழையா என்பது நோர்வேக்காரர் பாடு. நான் கவனிப்பது ஒன்றைத்தான்: எங்கோ ஒரு நகரத்தில் இருப்பவர்கள் தன் கிராமத்து மீனவருக்கும் விவசாயிக்கும் படிவம் எழுதுவதை அவர் கடைசிவரை சந்தேகத்தோடு பார்த்தார்.

கணினித் துறையின் மிகப் பெரிய பரிசான டியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்காக நிகார்ட்டுக்கும் டாலுக்கும் சேர்த்துக் கிடைத்தது. சிமுலா வந்து 34 வருடங்கள் கழித்து. விருது பெறுபவர்கள் ஓர் உரை நிகழ்த்துவது வழக்கம். டால் 2002 ஜூன் 29இல் புற்றுநோயால் இறந்தார். ஆறு கிழமை கழித்து நிகார்ட். அந்த உரை நிகழவில்லை.

சாகும்வரை அவர் ஓடித்திரிந்தது புதிய மொழி ஒன்றுக்காக அல்ல. ஆரம்பப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற திட்டத்துக்காக. துண்டு துண்டாக, ஒரு வரி எழுதி ஒரு சொல்லை அச்சிடுவதில் தொடங்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். முதல் நாளே போதுமான அளவு சிக்கலான, எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டவேண்டும். அவர் வழக்கமாக எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு சாப்பாட்டுக் கடை: சாப்பிட வருபவர், பரிமாறுபவர், சமைப்பவர், பில், மேசை. யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே பார்த்து, வகுப்புகளைப் பிள்ளைகளே எழுதவேண்டும். அக்காவின் மகளின் நோட்ஸில் முதல் பக்கத்தில் இருப்பது இன்னும் அந்த ஒற்றைவரிதான்.