ஒளிர்ந்த படிகமும் வத்திராயிருப்பு விஞ்ஞானியும்

தமிழகம் ஈன்ற இயற்பியல் மேதைகள் என்றால் இராமனும் சந்திரசேகரும் உடனே நினைவுக்கு வருகின்றனர். கே. எஸ். கிருஷ்ணன் என்றால் பலர் விழிக்கின்றனர். அறிந்தவர்களும், நோபல் பரிசில் பங்கு கிடைக்காதவர் என்று இரக்கப்படுவதோடு நின்றுவிடுகின்றனர். அந்த இரக்கம் அவர் உழைப்பை மறைத்துவிட்டது என்பதே என் கருத்து.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவர், தமிழும் வடமொழியும் கற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே, அத்தகைய தந்தை வாய்த்தவர் மீது எனக்குச் சிறிது பொறாமையும் உண்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்சி அளிக்கும் பணியில் இருந்தபோது, நண்பகல் இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களைத் தீர்ப்பார். பிற கல்லூரி மாணவர்களும் அங்கே வந்து கூடினராம்! 1920இல் இராமனை நாடிக் கல்கத்தா சென்றார்.

1928 பிப்ரவரித் தொடக்கத்தில் அவர் கையிலெடுத்தது ஆந்த்ரசீன் என்னும் கரிமச் சேர்மத்தின் ஆவி. அதன்மீது ஒளி பட்டால் அது உடனே தானும் வேறு நிறத்தில் ஒளிரும். இதற்கு உடனொளிர்தல் என்று பெயர். நம் அண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் நெய் எரிந்து ஒளி தருகிறது. ஆந்த்ரசீனோ எரியாமலே ஒளி தருகிறது. அந்த ஒளியைச் சோதித்தார். தளவிளைவு சிறிதும் இல்லை. அதாவது, அதன் அதிர்வுகள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் இருந்தன. சில நாட்களில் தூய திரவங்கள் சிதறிய மங்கலான புதிய ஒளியைப் பார்த்தார். அதிலோ தளவிளைவு மிகுதி! அப்படியானால் அது உடனொளிர்தல் அன்று, வேறொன்று. அந்த வேறொன்றே இராமன் விளைவு. இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் சென்றது. 1930இல் பரிசு இராமனுக்கு மட்டும் வந்தது.

கிருஷ்ணன் அதற்குள் டாக்கா பல்கலைக்கழகம் சென்றிருந்தார். அங்கே படிகங்களை மெல்லிய இழையில் காந்தப் புலத்தினுள் தொங்கவிட்டு, அவை திரும்பும் விசையை அளந்தார். அதிலிருந்து உள்ளேயுள்ள மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்று கணித்தார். கண்ணுக்குத் தெரியாததை ஓர் இழையின் முறுக்கால் அறிந்தது எனக்கு இன்றும் வியப்பே. 1933இல் கல்கத்தா திரும்பியபின் சேஷன் என்பவருடன் மீண்டும் ஆந்த்ரசீனுக்கே வந்தார். அப்படிகத்தில் சிறிதளவு நாப்தசீன் கலந்து அதன் ஒளிர்தலை ஆராய்ந்தார்.

1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961 ஜூனில் மறைந்தார்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1963இல், நியூயார்க்கில் போப் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்திலும், நாப்தசீன் கலந்த ஆந்த்ரசீனிலும் 400 வோல்ட் மின்னழுத்தம் செலுத்தினர். படிகம் ஒளிர்ந்தது! 1987இல் கோடக் நிறுவனத்தின் டாங், வான் சிலைக் இருவரும் வேறொரு கரிமச் சேர்மத்தின் மெல்லிய படலத்தை 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளிரச் செய்தனர். இன்று பல கைப்பேசித் திரைகளில் இருப்பவை இவ்வகைக் கரிம ஒளி உமிழ் டையோடுகளே. ஒரு கரிமப் பொருளில் மற்றொன்றைச் சிறிதளவு கலந்து வேண்டிய நிறத்தைப் பெறும் முறை அவற்றிலும் கையாளப்படுகிறது.