கணக்குக் கேட்டவரும் கணக்குக் கொடுத்த கலீஃபாவும்

வீட்டு வரியும் தண்ணீர் வரியும் கட்டுவோர் மட்டுமே வரி செலுத்துவோர் என்று எண்ணிவிடாதீர்கள். வாழப்பாடிக் கடைத்தெருவில் ஒரு சோப்புக் கட்டி வாங்கும் ஏழைத் தாயும் அதன் விலையோடு அரசுக்குரிய வரியையும் கொடுத்துவிட்டே வீடு திரும்புகிறார். அப்பணம் எவ்வாறு செலவாகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டா? விடையை இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் வாழ்விலே காணுங்கள்.

மக்கமாநகரில், குறைஷிக் குலத்தின் பனூ அதீ கிளையில் தோன்றிய உமர் (ரலி) அவர்கள், தொடக்கத்தில் இஸ்லாத்தை வன்மையாக எதிர்த்தார்கள். பின்னர் அதற்கே அரணானார்கள். ஹிஜ்ரி 13-ல் (கி.பி. 634) கலீஃபாவானார்கள். அவர்களது பத்தாண்டு ஆட்சியில் ஈராக், சிரியா, எகிப்து ஆகிய நாடுகள் வசமாயின. பைத்துல் மால் எனும் பொதுநிதியில் செல்வம் குவிந்தது. யாருக்கு எவ்வளவு உரியது என்பதைப் பதிவேட்டில் எழுதும் திவான் முறையை அவர்கள் ஏற்படுத்தினார்கள். ஆளுநர்களின் சொத்தைக் கணக்கெடுத்தார்கள். மிகுதியாகக் கண்டபோது அதில் ஒரு பகுதியைப் பொதுநிதியிலே சேர்த்தார்கள்.

பிறரைக் கேட்ட கலீஃபா, தம்மைக் கேட்க இடமளித்தார்களா? வரலாறு கூறும் நிகழ்ச்சி இது: பொதுநிதிக்கு வந்த துணி ஆளுக்கொரு துண்டாகப் பங்கிடப்பட்டது. பின்னர் கலீஃபா மிம்பரில் நின்றபோது, அத்துணியில் தைத்த முழு அங்கி அணிந்திருந்தார்கள். அவர்களோ நெடிய உருவினர். ஒரு துண்டு போதாது. சபையில் ஒருவர் எழுந்து, இதற்கு விளக்கம் தராதவரை உம் சொல்லைக் கேட்கமாட்டோம் என்றார். கலீஃபா சினக்கவில்லை, தமக்குத் தாமே சாட்சியாகவும் நிற்கவில்லை. மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்தார்கள். தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததை மகனார் எடுத்துரைத்தார்கள். கேட்டவரும் மனநிறைவு கொண்டு, இனிக் கேட்கிறோம் எனக் கூறி அமர்ந்தார். கேட்டவரிடம் பகையில்லை, சொன்னவரிடம் மறைப்பில்லை!

ஹிஜ்ரி 18-ல் கொடும்பஞ்சம் வந்தது. மக்களுக்குக் கிட்டாத நெய் தமக்கும் வேண்டாமென விலக்கி, எண்ணெயுண்டு மேனி கறுத்தார்கள். ஹிஜ்ரி 23-ல் (கி.பி. 644) சுபுஹுத் தொழுகையில் குத்துண்டு சாய்ந்தபோதும் கணக்கை மறக்கவில்லை. தம் கடனை எண்ணச் சொன்னார்கள். சுமார் 86,000 என்று வந்தது. தம் குடும்பச் சொத்திலிருந்து அடைக்கவும், போதாதெனில் தம் கிளையாரிடமும், பின்னர் குறைஷியரிடமும் கேட்கவும் மகனாரைப் பணித்தார்கள். பொதுநிதியின் மீது அச்சுமையை ஏற்றவில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! கேட்கும் உரிமையை நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நமக்கு அளித்திருக்கிறது. ஊராட்சிகளின் கிராம சபையிலே வரவு செலவு வைக்கப்படுகிறது. அங்கே சென்று அமருங்கள், பண்போடு கேளுங்கள், விளக்கம் நேர்மையானதாயின் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: ஜமாஅத்தின் சந்தாவும் வக்ஃபுக் கடை வாடகையும் நம் கையில் இருக்குமாயின், அந்தக் கணக்கை முதலில் மஹல்லாவின் முன் நாமே விரித்து வைக்க வேண்டாமா? அரசாங்கத்தைக் கேட்கும் நாவுக்கு அதுவே வலிமை தரும்.

மறுமையில் கணக்குக் கேட்கவிருக்கும் அல்லாஹ், இம்மையிலேயே கணக்கைச் செம்மை செய்யும் நல்லருளை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.