மாமல்லை தந்த மாதவர் பூதத்தாழ்வார்

ஆசை பெருகினால் பொருள் பெருகும். பொருள் பெருகினால் அதைக் காக்கும் கவலையும் கூடவே பெருகும். கவலை குடியேறிய நெஞ்சில் நாராயணரை நினைக்க இடம் ஏது? கலியின் இந்தக் கட்டை அறுத்து, கையில் ஒன்றும் இல்லாமலே நிறைவாக வாழ்ந்து காட்டிய அடியார் ஒருவர் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிறந்தார். அவரே பூதத்தாழ்வார்.

கடல்மல்லை என்று பாடப்பெற்ற மாமல்லபுரமே அவர் பிறந்த ஊர். ஐப்பசி மாதம் அவிட்ட நாளில், குருக்கத்தி மலரில் அவர் தோன்றினார் என்பது ஐதிகம். அதற்கு முந்தைய நாளான திருவோணத்தில் காஞ்சியில் பொய்கையாழ்வாரும், மறுநாளான சதயத்தில் மயிலையில் பேயாழ்வாரும் தோன்றினர். இம்மூவரையும் முதலாழ்வார்கள் என்று போற்றுவர். இறைவனை அறிந்ததாலேயே உயிர் வாழ்கிறவர் என்பது பூதம் என்ற பெயருக்குப் பெரியோர் சொல்லும் பொருள்.

அந்நாளைய மல்லை, பல்லவ மன்னர்களின் பெருந்துறைமுகம். பொன்னும் மணியும் ஏற்றிய மரக்கலங்கள் அங்கே வந்து நின்றன. பாறைகளைக் குடைந்து மண்டபங்களும் தேர்களும் செய்த சிற்பிகளின் உளியோசை ஊரெங்கும் ஒலித்தது. செல்வம் வந்து குவியும் அந்த ஊரில் பிறந்த பூதத்தார், எந்தச் செல்வத்தின் மேலும் கை வைக்கவில்லை. வீடு, நிலம், உடைமை என்று எதையும் சேர்க்காமல், இன்று தங்கிய ஊரில் நாளை தங்காமல், திருத்தலம்தோறும் நடந்தார். பகலில் நடையும் இரவில் தியானமுமாக அவர் நாள்கள் கழிந்தன. சுமை இல்லாதவருக்கு வழி தூரமாகத் தெரியவில்லை.

இப்படி நடந்தவர் ஒருநாள் இரவு திருக்கோவலூரை அடைந்தார். இருள் சூழ்ந்து மழை பெருகியது. மிருகண்டு முனிவரின் ஆசிரமத்தில் ஓர் இடைகழி, அதாவது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய நடை, இருந்தது. அதில் ஏற்கெனவே பொய்கையார் படுத்திருந்தார். பூதத்தார் வந்து இடம் கேட்டதும், ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாமே என்று பொய்கையார் எழுந்து இடம் தந்தார். சற்று நேரத்தில் பேயாழ்வாரும் நனைந்தபடி வந்து சேர்ந்தார். தாம் பெற்ற பாதி இடத்தையும் பூதத்தார் சுருக்கிக்கொண்டார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றனர்.

மூவர் கையிலும் மூட்டை இல்லை. ஒருவரிடமேனும் பொருட்சுமை இருந்திருந்தால் அங்கே மூன்றாமவருக்கு இடம் இருந்திருக்காது. அப்படி நின்று இறைவனை நினைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். இருளில் யாரென்று தெரியவில்லை. பொய்கையார் உலகையே அகலாக்கி ஒரு விளக்கை ஏற்றினார். அது புற இருளைப் போக்கிற்று. பூதத்தாரோ தம் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், உருகும் சிந்தையைத் திரியாகவும் கொண்டு ஞான விளக்கை ஏற்றினார். அது அக இருளைப் போக்கிற்று. அந்த வெளிச்சத்தில் பேயாழ்வார் நாராயணரின் திருமேனியைக் கண்டார்.

கடைத்தெருவில் வாங்கும் எண்ணெயும் திரியும் இந்த விளக்குக்கு வேண்டியதில்லை. சிந்தையை ஒருமுகப்படுத்தி இறைவன்பால் வைப்பதுதான் தியானம். அந்தத் தியானத்தில் எரிந்த விளக்கின் ஒளியாகப் பூதத்தார் பாடிய 100 பாடல்கள் இரண்டாம் திருவந்தாதி என்னும் பெயரோடு நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் விளங்குகின்றன. நாராயணருக்கு உகந்த இடங்களை அதில் எண்ணும்போது, அரங்கத்தையும் தம் ஊராகிய மாமல்லையையும் சேர்த்தே எண்ணுகிறார். ஆனால் அவர் முதலில் வைப்பது அடியார் உள்ளத்தை. தவம் உடையவன் தானே என்றும் ஓரிடத்தில் பூரிக்கிறார். உடைமை ஒன்றும் இல்லாதவர் உரிமையோடு தமதென்று சொல்லிக்கொண்டது தவமும் தமிழும்தான்.

அவர் பிறந்த மல்லையில் பெருமாளும் எளிமையாகவே இருக்கிறார். புண்டரீக முனிவர் பாற்கடலில் பள்ளிகொண்டவருக்கு மலர் சூட்ட விரும்பிக் கடல்நீரைக் கையால் இறைத்தாராம். இறைவன் முதியவராக வந்து பசிக்கு உணவு கேட்டார். முனிவர் உணவு கொண்டு வருவதற்குள், அம்மலர்களைச் சூடிக்கொண்டு பாம்பணை இன்றி வெறுந்தரையில் பள்ளிகொண்டார். ஊரின் நடுவே உள்ள தலசயனப் பெருமாள் கோயில் இன்றும் அந்தக் கோலத்தைக் காட்டுகிறது. உலகாளும் நாராயணருக்கே தரை போதுமாயிருக்க, மனிதர் எத்தனை மெத்தை இருந்தும் உறக்கமின்றிப் புரள்கிறார்கள்.

1833-இல் தவத்தைத் தொடங்கிய அய்யா வைகுண்டரும் இவ்வழியையே காட்டினார். சுவாமிதோப்பில் அவர் நோற்ற ஆறு ஆண்டுத் தவத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள் கழிந்தன. துவையல்பந்தியில் இருந்த மக்கள் கடலில் குளித்து, துணியைத் துவைத்து உடுத்து, பச்சரிசியும் சிறுபயறும் கலந்து சமைத்ததை எல்லாரும் ஒன்றாக இருந்து உண்டனர். மானமும் மனத்தெளிவும் அவர்களுக்குக் குறைந்த பொருளோடுதான் வந்தன. அன்பு அகலில் பூதத்தார் ஏற்றிய உள்விளக்கை எண்ணும் அன்புக்கொடி மக்களுக்கு, பள்ளியறையில் சிலையின்றிக் கண்ணாடியும் விளக்கும் இருப்பதன் பொருள் இன்னும் நன்றாக விளங்கும்.

அயலார் வீட்டைப் பார்த்துக் கடன் வாங்கி வீட்டை நிரப்புகிறவர், வட்டியை எண்ணி எண்ணி உறக்கத்தை இழக்கிறார். தேவைக்கு மேல் உள்ளதைத் தர்மத்தில் சேர்க்கிறவருக்கோ வீட்டிலும் இடம் கிடைக்கிறது, நெஞ்சிலும் இடம் கிடைக்கிறது. தினமும் மாலையில் விளக்கேற்றி, சற்று நேரம் பேச்சை நிறுத்தி, நாராயணரை நினைத்து அமர்ந்தால் அலைந்த மனம் அடங்கும். அடங்கிய மனத்தில் பகை நில்லாது. மழையில் நனைந்து வந்து நிற்பவருக்கு ஒதுங்கி இடம் தரவும் அந்த மனத்துக்குத் தெரியும். திருக்கோவலூர் இடைகழியில் அப்படி இடம் தந்தவர்களிடையேதான் நாராயணர் தாமும் வந்து நின்றார்.

அய்யா உண்டு!