பீங்கான் தொப்பி தந்த பல் டாக்டர்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று பல் டாக்டரிடம் போகிறவர்கள் பலர், பழுதான பல்லுக்குக் ‘கேப்’ போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். சொந்தப் பல்லின் நிறத்திலேயே இருக்கிறது அந்தத் தொப்பி.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பல் டாக்டர். அவர் பெயர் சார்லஸ் ஹென்றி லேண்ட்.

தங்கப் பல் காலம்

லேண்ட் 1847-ம் ஆண்டு கனடா நாட்டில் சிம்கோ என்ற ஊரில் பிறந்தார். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் பல் வைத்தியம் செய்துவந்தார்.

அந்த நாளில் உடைந்த பல்லுக்குத் தங்கத்தில் உறை போடுவார்கள். சிரித்தால் தங்கம் பளிச்சென்று தெரியும். அல்லது, மிஞ்சிய பல்லை ஈறு வரை வெட்டிவிட்டு, வேரில் ஆணி இறக்கிப் பொய்ப்பல்லை நிறுத்துவார்கள்.

நல்ல பல்லை ஏன் வெட்ட வேண்டும் என்று யோசித்தார் லேண்ட்.

சூளையில் வெந்த சட்டை

மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் பல்லின் வடிவத்துக்குப் படிய வைத்தார். அதன்மேல் பீங்கான் பொடியைக் குழைத்துப் பூசி, சூளையில் சுட்டார். பிறகு தகட்டை உரித்து எடுத்தார். பல்லுக்குத் தைத்த சட்டைபோல் பீங்கான் தொப்பி பொருந்தியது!

1889-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வைத்திய முறைக்கு உரிமை கொண்டாடுவதா என்று சக டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். லேண்ட் தம் வேலையை விடவில்லை.

கடைவாயில் வந்த சோதனை

முன்பல்லில் தொப்பி அழகாக நின்றது. கடைவாயில் போட்டால் உடைந்தது. காரணம் என்ன?

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பாருங்கள். கல்மேல் கல் ஏறி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. கல் பாரத்தைத் தாங்கும், வளைத்தால் முறிந்துவிடும். பீங்கானும் அப்படித்தான்.

கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் மேடும் பள்ளமும் உண்டு. முறுக்கைக் கடிக்கும்போது, எதிர்ப் பல்லின் மேடு இந்தப் பள்ளத்தில் இறங்கி, விறகில் ஆப்பு அடித்ததுபோல் பிளக்கப் பார்க்கிறது. பள்ளம் குறுகலாகவும் கூராகவும் இருந்தால், பிளக்கும் வேகம் எல்லாம் அங்கேயே சேர்ந்து விரிசல் விழும்.

பள்ளத்தின் அடி வளைவாகவும், மேட்டின் சரிவு மிதமாகவும், பள்ளத்துக்குக் கீழே போதிய கனமும் இருந்தால் தொப்பி தாங்கும். அதற்காக ஒரே தட்டையாக்கிவிடவும் கூடாது. கொத்தாத அம்மியில் மசாலா அரைபடுமா?

தாத்தாவும் பேரனும்

லேண்டின் மகள் எவாஞ்சலின். அவருடைய மகன் சிறுவனாக இருந்தபோது, தாத்தாவின் ஆராய்ச்சி அறையில் ஆசையாக நேரம் கழிப்பான். அவன்தான் பின்னாளில் 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தன்னந்தனியாக விமானம் ஓட்டிய சார்லஸ் லிண்ட்பர்க்!

அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. 1922-லேயே அவர் காலமாகிவிட்டார்.

லேண்டின் தொப்பிக்கு வலு சேர்க்கும் வேலையைப் பிறர் தொடர்ந்தார்கள். 1965-ல் இங்கிலாந்தில் மெக்லீன், ஹியூஸ் என்ற இருவர் பீங்கானில் அலுமினா கலந்து உறுதியைக் கூட்டினார்கள். இன்று அதைவிட வலுவான சிர்கோனியா வந்திருக்கிறது. ஆனாலும் மேடு பள்ளத்தைப் பார்த்துச் செதுக்கும் வேலை நீங்கவில்லை.

ஆகவே, புதுத் தொப்பி போட்டதும் மெதுவாகக் கடித்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் முதலில் இடித்தால், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அவர் அந்த மேட்டைத் தேய்த்துச் சரிசெய்வார். கொட்டைப்பாக்கை அந்தப் பல்லால் உடைக்காதீர்கள். அதற்குப் பாக்குவெட்டி இருக்கிறது!