அதிர்வுக்குக் கணக்குப் பார்த்தவர்

ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் டீசல் லொறிகளின் எஞ்சின் முகப்பில், பெல்ட் ஓடும் கப்பியோடு சேர்ந்து கனமான ஒரு வளையம் சுழல்கிறது. அதுதான் டம்பர். அது பழுதானால் அசல் உதிரிப்பாகம் வாங்க எல்லோரிடமும் காசு இருப்பதில்லை. வேறு கம்பனியின் மலிவான ஒன்றைப் பூட்டுகிறார்கள். பூட்டிய பிறகு, முன்பு இல்லாத சத்தம் கேட்கிறது. ஹட்டன் கராஜ் ஒன்றில் இந்த முறைப்பாட்டைக் கேட்ட பிறகே, டம்பருக்கு வழிகாட்டிய பிரெடெரிக் லான்செஸ்டரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

லான்செஸ்டர் 1868இல் லண்டனின் லூயிஷாமில் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். மகன் பொறியியல் படித்தார், பட்டம் பெறவில்லை. பேர்மிங்ஹாமில் வாயு எஞ்சின் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1896இல் தனது முதலாவது காரை வீதியில் ஓட்டினார். 1899இல் கார் கம்பனி உருவானது. அக்காலக் கார்கள் ஆட்களை உலுக்கி எடுத்தன. மற்றவர்கள் இருக்கைக்கு மெத்தை போட்டபோது, அவர் உலுக்கலின் காரணத்தைத் தேடினார். எதிரெதிராகச் சுழலும் 2 கிராங்குகளை வைத்து, ஒன்றின் உலுக்கலை மற்றது சமன்செய்யும்படி எஞ்சின் அமைத்தார்.

பின்னர் டெய்ம்லர் கம்பனிக்கு ஆலோசகரானார். அங்கே 6 சிலிண்டர் எஞ்சின்களின் நீண்ட கிராங்க் பெரும் தலையிடியாக இருந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் சற்று முறுகி மீள்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் கூடுவதுபோல, குறித்த ஒரு வேகத்தில் அந்த முறுக்கல் பெருகிக் கிராங்கையே முறித்துவிடும். 1910ஆம் ஆண்டளவில் லான்செஸ்டர் கண்ட வழி, கிராங்கோடு இறுகப் பிணைக்கப்படாத ஒரு பாரம். கிராங்க் துடிக்கும்போது அந்தப் பாரம் சீராகவே சுழலப் பார்க்கும். இரண்டுக்கும் இடையிலான உராய்வில் துடிப்பு வெப்பமாகிக் கரையும். இன்றைய டம்பர்களில் உராய்வுத் தட்டுக்குப் பதிலாக இறப்பரோ தடித்த சிலிக்கோன் எண்ணெயோ இருக்கிறது. தத்துவம் அதுதான்.

ஆகவே டம்பர் சத்தத்தை அடைக்கும் மூடியல்ல. கிராங்கின் உயிர்க்காப்பு. புதிதாய்ச் சத்தம் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றால், பெல்ட் நேர்கோட்டில் ஓடவில்லை, அல்லது ஆல்டர்நேட்டரிலோ தண்ணீர்ப் பம்பிலோ கோளாறு. நிற்காவிட்டால், எஞ்சினை நிறுத்திக் கப்பியின் நடு போல்ட் உரிய அளவுக்கு இறுகியிருக்கிறதா, டம்பர் முழுதாக உள்ளே அமர்ந்திருக்கிறதா, கவரில் உரசிய தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு குறித்த வேகத்தில் மட்டும் அதிர்வு வந்து மறைந்தால், அந்த டம்பர் அந்த எஞ்சினுக்கு உரியதல்ல என்ற சந்தேகம் வர வேண்டும். பாரம் ஏறஏறப் பலக்கும் தட்டல், தேய்ந்த பேரிங்கின் குரலாக இருக்கலாம்.

மலையில் இது சில்லறை விசயமல்ல. பல ஜப்பானிய லொறிகளில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடப் பம்ப், ஆல்டர்நேட்டரோடு சேர்ந்தே ஓடுகிறது. கினிகத்தேனை இறக்கத்தில் கப்பி கழன்று பெல்ட் போனால், பிரேக் மிதி கல்லாகிவிடும்.

எஞ்சின் சத்தத்தைக் கவனிக்க நம் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வன்னியில் வண்டின் இரைச்சலையும் கிபிரின் இரைச்சலையும் பிரித்தறிந்து பதுங்கு குழிக்கு ஓடிய காதுகள் இவை. 1977இலும் 1983இலும் வன்முறைக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களும் அந்தக் குழிகளில் இருந்தன.

அதனாலேயே லான்செஸ்டரின் இன்னொரு கணக்கு என்னை உறுத்துகிறது. விமானம் பறப்பது எப்படி என்று 1907இலும் 1908இலும் இரு பெரும் நூல்கள் எழுதியவர் அவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் போரையும் சமன்பாடாக்கினார். மற்றதெல்லாம் சமமானால், இரு மடங்கு ஆட்கள் உள்ள படையின் பலம் 4 மடங்கு என்றது அந்த விதி. 1916இல் அது நூலாக வந்தது. இன்றும் இராணுவக் கல்வியில் அது பேசப்படுகிறது. அந்தச் சமன்பாட்டில் இரு படைகளுக்கும் எழுத்துகள் உண்டு. நடுவில் அகப்பட்ட சனத்துக்கு ஓர் எழுத்தும் இல்லை.

1922இல் றோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. முதுமையில் பார்கின்சன் நோயும் பார்வைக் குறைவும் பணமுடையும் சேர்ந்து வாட்டின. 1946 மார்ச் 8ஆம் திகதி பேர்மிங்ஹாமில் காலமானார். அவரது இரு கணக்குகளும் இன்னும் உலகில் ஓடுகின்றன. ஒன்று, தேயிலை லொறிகளின் கிராங்கைக் காக்கிறது. மற்றதில் விடுபட்டவர்களை நாம்தான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.