கண்டியின் கடைசி மன்னன்

மலைகளே மதில்களாகவும் காடுகளே காவற்படையாகவும் அமைந்த நாடு கண்டி. இலங்கையின் கரையோரத்தை முதலில் போர்த்துக்கீசியர் பிடித்தனர். அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர் பிடித்தனர். அவர்களிடமிருந்து 1796-ல் ஆங்கிலேயர் பறித்தனர். நடுமலையில் இருந்த இந்தச் சிறு நாடு மட்டும் அடங்கவில்லை. 1765-ல் டச்சுப் படை கண்டி நகருக்குள் புகுந்தும், அங்கே நிலைகொள்ள முடியாமல் திரும்பியது. அப்படிப்பட்ட நாடு 1815-ல், பெரிய போர் ஏதும் இன்றியே ஆங்கிலேயர் கைக்குப் போனது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடிப் போனால், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து மாண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கதை வந்து நிற்கிறது.

அவன் சிங்களன் அல்லன். கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் குலத்தில் பெண்ணெடுப்பது வழக்கம். 1739-ல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய பிள்ளையின்றி இறந்தபோது, அரசியின் தம்பி அரியணை ஏறினான். அன்று தொடங்கிய நாயக்கர் வழியில் நான்காமவன், கடைசியானவன் நம் மன்னன். இயற்பெயர் கண்ணுசாமி. சைவ, வைணவ மரபில் வந்த இந்நாயக்கர்கள் கண்டியில் பௌத்தத்தின் காவலர்களாகவே ஆண்டனர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-ல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோயிருந்த துறவு மரபை மீண்டும் நிலைநாட்டினான். இன்று சிங்களப் பௌத்தர்கள் போற்றும் மரபுகள் பலவற்றிற்குப் பின்னால் ஒரு நாயக்கன் நிற்கிறான் என்பது பலர் நினைத்துப் பாராத செய்தி.

1798-ல் ராஜாதி ராஜசிங்கன் மகனின்றி இறந்தான். முதலமைச்சன் பிலிமத்தலாவை, உரிமை மிகுந்தவனாகக் கருதப்பட்ட முத்துசாமியை ஒதுக்கிவிட்டு, பதினெட்டு வயதே ஆன கண்ணுசாமியை அரியணையில் அமர்த்தினான். பாசத்தாலா? இல்லை. சிறுவனை முன்னிறுத்திப் பின்னர் தானே முடிசூடலாம் என்பது அவன் கணக்கு. அதற்காகக் கொழும்பில் இருந்த ஆங்கிலக் கவர்னர் நார்த்துடன் இரகசியப் பேச்சும் நடத்தினான். தன்னை அரசனாக்கியவனே தன்னை அழிக்கப் பார்க்கிறான் என்பதை இளம் மன்னன் சீக்கிரமே உணர்ந்துகொண்டான். அவன் வாழ்க்கையின் திறவுகோல் இந்த அச்சத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1803-ல் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்தது. மன்னன் எதிர்த்து நிற்கவில்லை. நகரைக் காலி செய்துவிட்டு மலைக்குள் மறைந்தான். ஆங்கிலேயர் முத்துசாமிக்கு முடிசூட்டினர். அந்தப் புதிய அரசனைத் தேடி ஒரு குடிமகனும் வரவில்லை! மழையும் காய்ச்சலும் வெள்ளைச் சிப்பாய்களைத் தின்றன. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தான். மகாவலி கங்கை பெருக்கெடுத்து ஓட, கடக்க வழியின்றிக் கரையில் தவித்த படையினர் கொல்லப்பட்டனர். முத்துசாமியும் கொல்லப்பட்டான். பீரங்கி வைத்திருந்த ஏகாதிபத்தியத்தை ஒரு மலைநாடு மண்டியிட வைத்த ஆண்டு அது. சரணடைந்தவர்களைக் கொன்றதை மட்டும் வீரம் என்று நான் எழுத மாட்டேன்.

வெற்றி அவனைத் துணிந்தவனாக்கியது, நிம்மதியானவனாக்கவில்லை. சில ஆண்டுகளில் பிலிமத்தலாவையின் சதி வெளிப்பட, மன்னன் அவனுக்கு மரண தண்டனை விதித்தான். இக்காலத்தில்தான் தலைநகரை அழகுபடுத்தும் ஆசை அவனைப் பற்றிக்கொண்டது. தலதா மாளிகைக்கு முன்னிருந்த வயல்களை அகழ்ந்து ஏரியாக்கினான். எண்கோண மண்டபத்தையும், மேகங்களைப் போல் வளைந்து செல்லும் மதிலையும் எழுப்பினான். தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியின் கைவண்ணம் அது. இன்று கண்டிக்குச் செல்லும் பயணிகள் வாய்பிளந்து பார்ப்பது இந்த ஏரியைத்தான். ஆனால் அதைத் தோண்டியவர்கள் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட குடியானவர்கள். விதைப்புக் காலத்திலும் மண் சுமந்தவன் மன்னனை வாழ்த்தியிருப்பானா? பிரபுக்களும் முணுமுணுத்தனர்.

அடுத்த முதலமைச்சன் எகலப்பொலை. அவன் 1814-ல் சப்ரகமுவைப் பகுதியில் கிளர்ச்சி செய்து, தோற்று, கொழும்புக்கு ஓடி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். அவன் மனைவியும் மக்களும் கண்டியில் மன்னன் பிடியில் இருந்தனர். பிள்ளைகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். தாய் நீரில் அமிழ்த்தப்பட்டாள். அஞ்சி ஒதுங்கிய அண்ணனுக்கு முன்னே வந்து கழுத்தை நீட்டிய இளைய மகன் மத்தும பண்டாரவை இலங்கை இன்றும் மறக்கவில்லை. ஆங்கிலேயர் தம் படையெடுப்புக்கு நியாயம் தேட இக்கதையை மேலும் பெருக்கிச் சொன்னார்கள் என்பது உண்மை. அதனால் கொலை இல்லையென்று ஆகிவிடாது. தந்தை செய்த துரோகத்திற்குப் பிள்ளைகளின் தலையைக் கேட்ட மன்னனை, நம்மவன் என்ற உறவைச் சொல்லிக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை.

நம்மில் சிலர் அவனைக் கடைசித் தமிழ் மன்னன் என்று கொண்டாடுகிறோம். நாயக்கர்களின் தாய்மொழி தெலுங்கு. அவர்களது அரண்மனையில் தமிழும் சிங்களமும் வழங்கின. கண்டியை வீழ்த்திய 1815 உடன்படிக்கையில் சிங்களத் தலைவர்கள் சிலர் இட்ட கையொப்பங்களில்கூடத் தமிழ் எழுத்துகள் உண்டு. இன்றைய கோடுகளை அன்றைய மண்ணில் இழுப்பது எளிதன்று.

இதற்கிடையே ஜான் டாய்லி என்ற ஆங்கில அதிகாரி சிங்களம் கற்று, கண்டியின் உட்பகைகளை ஆண்டுக்கணக்கில் ஒற்றறிந்து வந்தான். 1803-ல் துப்பாக்கி செய்யாத வேலையை அவன் பேனா செய்தது. கவர்னர் பிரவுன்ரிக் 1815 ஜனவரியில் போர் அறிவித்தான். எல்லையைக் காக்க வேண்டிய மொல்லிகொடையே எதிரிப் பக்கம் சாய்ந்தான். பிப்ரவரி 14-ல் நகரம் வீழ்ந்தது. 18-ல் மெதமகாநுவரைப் பக்கம் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த மன்னன் பிடிபட்டான். பிடித்தவர்கள் வெள்ளையர் அல்லர், எகலப்பொலையின் ஆட்கள். மார்ச் 2-ல் கையெழுத்தான உடன்படிக்கை மன்னனை நீக்கியதோடு, அவன் உறவினர் எவரும் இனி அரியணைக்கு உரிமை கோரலாகாது என்றும் விதித்தது.

அந்த மை காய்ந்து மூன்றாண்டு முடிவதற்குள் ஊவாவில் மக்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள். அவர்கள் யாரை அரசனாக ஏற்றார்கள் தெரியுமா? நாயக்க இளவரசன் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவனை! நாயக்கர் என்பதற்காகவே மக்கள் மன்னனை வெறுத்தார்கள் என்ற பேச்சை என்னால் நம்ப முடியாததற்கு இதுவே காரணம். முடி கிடைக்கும் என்று காத்திருந்த எகலப்பொலைக்குக் கிடைத்தது மொரீஷியஸ் தீவு. நாடு கடத்தப்பட்டு 1829-ல் அங்கேயே இறந்தான்.

மன்னனை 1816 ஜனவரியில் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, பின் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சிக்கு முன்வரை திப்புவின் பிள்ளைகள் சிறையிருந்த அதே கோட்டை. அங்கே கண்டி மகால் என்று இன்றும் ஒரு கட்டடத்தைக் காட்டுகிறார்கள். பதினேழு ஆண்டு ஆண்டவன், ஏறத்தாழப் பதினேழு ஆண்டே கைதியாகவும் வாழ்ந்து, 1832 ஜனவரி 30-ல், ஐம்பத்திரண்டாம் வயதில் இறந்தான். வேலூரிலேயே பிறந்த அவன் மகன் 1843-ல் வாரிசின்றி மறைந்தான். பாலாற்றங்கரையில் அவர்களது சமாதிகள் இருக்கும் இடத்தில் தமிழக அரசு 1990-ல் முத்து மண்டபம் கட்டியது. நான் போயிருந்த நாளில் அங்கே பார்வையாளர் வேறு ஒருவரும் இல்லை.

அவனுடைய சிம்மாசனத்தை ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அது 1934-ல் இலங்கைக்குத் திரும்பி, கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அவன் கொடியில் வாளேந்தி நின்ற சிங்கம், 1948-ல் சுதந்திர இலங்கையின் கொடியில் ஏறியது.